ஏலக்காய் கடிக்கும் பல்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

போடியில் காற்று. சாரல் வருவதும் போவதும். பல்வலி இன்னும் நிற்கவில்லை. கிராம்பு வைத்துப் பார்த்தாயிற்று, உப்புத் தண்ணீரும் ஆயிற்று. வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல். இடது பக்கத்துப் பல்லைப் போன வருடமே பிடுங்கிவிட்டார்கள். காய் கடிக்க எனக்கு மிச்சம் இது ஒன்றுதான். கடைக்கு வரும் ஏலக்காய் மூட்டையில் நான் ஒரு காயைக் கடித்து, தோல் முறிகிற விதத்தை வைத்துக் காய்ந்ததா ஈரமா என்று சொன்ன பிறகுதான் அது தராசில் ஏறும். கணக்கு, லாரி எல்லாம் தம்பி ராஜன். கடிப்பது நான்.

"புடுங்கிப் போட்டுட்டு வாக்கா. ஈரம் பாக்கத்தான் மெஷின் வந்திருச்சே. நீ வீட்ல நிம்மதியா இருக்கலாம்."

நிம்மதியாம். வயது 52. அப்படி இருந்து பழக்கமில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

பழனிசெட்டிபட்டி, பல் டாக்டர். சின்னப் பெண். எக்ஸ்ரேயில் காட்டினாள்: சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டது. "ரூட் கேனால் பண்ணுனா பல்லு நிக்கும்மா." அதில் ஏலக்காய் கடிக்கலாமா என்று கேட்டேன். சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஊசி, எறும்புக்கடி அளவு. பிறகு உதடு யாருடையதோ மாதிரி. வாய்க்கு மேல் ரப்பர் விரிப்பு. ஊசி மாதிரி சின்னச் சின்ன அரம், அதை வேருக்குள் விட்டுச் சுரண்டல். வலி இல்லை, சத்தம்தான். பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. எச்சில் உறிஞ்சும் குழாய் மட்டும் அருவருப்பு.

தற்காலிகமாக அடைத்திருக்கிறாள். அந்தப் பக்கம் கடினமாக எதுவும் கூடாது. மாத்திரை சாப்பாட்டுக்குப் பின். மறுபடி அடுத்த புதன்.

பஸ் ஸ்டாண்டில் டீ. பாதி சேலையில்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையில் மந்தமாக வலி. மாத்திரைக்கு அடங்கியது. ராஜன்: "அதான் வலி போச்சுல்ல, இன்னும் எதுக்கு அங்கன போயிக்கிட்டு?" வலி போனால் வேலை முடிந்ததாக ஆகாது, வேரை அடைக்க வேண்டும், மேலே தொப்பி மாதிரி கேப் போட வேண்டும் என்றேன். காதில் வாங்கவில்லை.

பாதாம்பிசின் வாங்க வேண்டும். மறந்துபோகிறது.

ஆகஸ்ட் 9, சனி

முட்டாள்தனம். வண்டன்மேட்டுத் தோட்டக்காரர் மூட்டையை அவிழ்த்து ஒரு காயை நீட்டினார். வாங்கி வாயில் போட்டுக் கடித்தேன். அதே பக்கம். கை தானாகப் போகிறது, என்ன செய்ய.

நறுக்கென்றது. துப்பிப் பார்த்தால் பல்லின் ஓரம், குருணை அளவு.

"காய் எப்படிம்மா?"

"தெரியலண்ணே."

கடையில் அந்த வார்த்தையை நான் சொன்னதே இல்லை. பயமாக இருந்தது. பல்லுக்காக மட்டும் இல்லை. ராஜன் போனில் மெஷின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சர்ச்சில் ஆராதனை. திருவிருந்து அப்பத்தை முன்பல்லால் கொறித்தேன். பாட்டுக்கு வாயைத் திறக்கவில்லை. பின்வரிசையில் யாரோ, "கடைக்காரம்மாவுக்கு யார் மேல கோவம்?"

ஆகஸ்ட் 11, திங்கள்

புதன் வரை பொறுக்கவில்லை. போய்விட்டேன்.

"என்னத்தக் கடிச்சீங்க?"

"ஏலக்கா."

"சோடா மூடியக் கடிச்சு ஒடச்சிட்டு வந்திருக்காக. ஏலக்காய்க்கு நீங்கதாம்மா மொத ஆளு."

விரிசல் ஈறுக்குக் கீழே இறங்கவில்லை. இறங்கியிருந்தால் பிடுங்கத்தான் வேண்டுமாம். அப்போதுதான் மூச்சு வந்தது. வேரை அடைத்தாள். மேலே கெட்டியாகப் பூசி, கேப்புக்கு அச்சும் எடுத்தாள். வாய் நிறைய பரோட்டா மாவு மாதிரி.

நரம்பு போன பல்லுக்குப் பழையபடி தெரியுமா என்று கேட்டேன். "சூடு, குளிர்ச்சி தெரியாது. அழுத்துனா தெரியும்மா, வேரைச் சுத்தி இருக்கற சவ்வு சொல்லும். பழக ஒரு மாசமாவது ஆகும்."

ஆகஸ்ட் 16, சனி

கடையில் ராஜன்தான் கடிக்கிறான். கடித்துவிட்டு ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்க்கிறான். என் முகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ.

ஆகஸ்ட் 20, புதன்

கேப் மாட்டியாயிற்று. கல் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது.

ஆகஸ்ட் 23, சனி

வெயில். குமுளிக்காரர் மூட்டை. "நல்ல உணக்கு, சேச்சி." காய்ந்திருக்கிறதாம். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

ராஜன் ஒரு காயை எடுத்து என்னிடம் நீட்டினான். கேப் பக்கம் மெதுவாகக் கடித்தேன். பல் தாங்கியது. துளி வலி இல்லை. தோல் முறிந்தது. முறிந்தது, அவ்வளவுதான் தெரிந்தது. காய்ந்தது என்றுதான் தோன்றியது.

சொல்லவில்லை. இன்னொரு காயை எடுத்து அவனிடம் கொடுத்தேன். "நீ பாரு."

கடித்தான். "ஈரம்க்கா." என் முகத்தைப் பார்த்தான்.

மூட்டையின் அடியில் கையை விட்டேன். ஈரம்தான்.

"நானும் அதத்தான் நெனச்சேன்."

"அப்ப மெஷினு வேணாம்க்கா. நீ இருக்கப்ப எதுக்கு?"

டாக்டர் சொன்ன ஒரு மாதம் போகட்டும். அதுவரை அவனை முதலில் கடிக்கவிட வேண்டும்.