மாவுக்குள் வைத்த ரப்பர் மார்பு

மாண்புமிகு அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், அடியேனுக்கு மீசை முளைத்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும். மறுபக்கம் பரிசீலனையில் இருக்கிறது.

அடுத்த செய்தி. ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொல்லித் தருகிறாயே, அதற்கு நீ எடுத்துப்போகும், உள்ளே கட்டி வைத்துச் செய்த ரப்பர் மார்பு, அதில் பழையது ஒன்றை அலமாரியில் விட்டுப் போயிருந்தாய். நீ எத்தனை தடவை காட்டினாலும், மாவு பிசையவே நேரமில்லை, இதை யாரு பிசையறது என்று அம்மா நழுவிவிடுவாளே, அதேதான்.

போன வாரம் அதை அம்மா வேலை செய்யும் பேக்கரிக்குக் கொண்டுபோய், மாவு தூவி, அம்மாவின் தட்டில் ஈரத்துணிக்கு அடியில் வைத்துவிட்டு ஒளிந்துகொண்டேன். அலறுவாள் என்று பார்த்தேன். அலறவில்லை. பிசையப் போன விரல் ஒரே இடத்தில் நின்றது. துணியை விலக்கிப் பார்த்தாள். திட்டவும் இல்லை. மறுபடி அதே இடத்தை அழுத்திவிட்டு, கைகூடக் கழுவாமல் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது அவள் மார்புப் பக்கம் துணியில் விரல் விரலாக மாவு.

அதே மாதிரி ஒரு கட்டி அவளுக்கும் ரொம்ப நாளாகவே இருந்ததாம். கொழுப்புக் கட்டின்னு விட்டுட்டேன், ஆனா நம்ம வீட்டுல கொழுப்பு உனக்குத்தானே என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை முடிவு. உனக்குச் சொல்லக் கூடாதாம். ஊருக்கெல்லாம் சொல்றவ, பெத்தவளே கேக்கலைன்னு நொந்துடுவா என்கிறாள். போனில் பேசினால் அவள் காதில் விழும், அதனால்தான் கடிதம். இரண்டு நாளாக ரொட்டியில் உப்பே இல்லை. முதலாளி தின்று பார்த்துவிட்டு உப்பு ஜாடியை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

ஆனாலும் இதைப் பற்றி நீ எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரையில் என் பெயரைப் பெரிதாகப் போடு. நீ வருஷக்கணக்கில் சொல்லி நடக்காததை நான் ஒரு நிமிஷத்தில் நடத்திக் காட்டினேன். அப்பா இல்லாத வீட்டுக்கு நான்தான் ஆம்பளை, எல்லாம் பார்த்துக்கறேன் என்று அம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன்.

அதெல்லாம் சும்மா, அக்கா. ஊசி போட்ட அன்றைக்கு நான் ஆஸ்பத்திரி கேட்டோடு நின்றுவிட்டேன். அவள் தனியாகத்தான் உள்ளே போனாள். வெள்ளிக்கிழமை என்கூட வர்றியாடா என்று கேட்டாள். பரீட்சை என்று சொல்லிவிட்டேன். பரீட்சை எதுவும் இல்லை.

நீ வந்துவிடு. நீ முன்னால் போனால் நானும் பின்னாலேயே உள்ளே வந்துவிடுவேன்.

உன் தம்பி