நம் மில்லில் எலி கிடையாது

அக்கா,

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், நம் மாவு மில்லின் தராசுக்கு அடியில் பரம்பரை பரம்பரையாகக் குடியிருந்து வந்த கரப்பான்பூச்சிப் பெருந்தகை இன்று காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு என் இடது கால் செருப்பினால் அகால மரணம் அடைந்தார். மீசை இரண்டும் கடைசி வரை நிமிர்ந்தே இருந்தன. இறுதி ஊர்வலத்தை எறும்புகளே முன்னின்று நடத்திக்கொண்டன, நான் வெறும் பார்வையாளன். இப்படியெல்லாம் ஆரம்பித்திருப்பது அம்மாவுக்குத் தெரியாது, ஏனென்றால் அவளுடைய மூக்குக்கண்ணாடி முந்தாநாள் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் விழுந்து சுக்குநூறாகிவிட்டது. எழுதவும் முடியாது, நான் எழுதியதைப் படிக்கவும் முடியாது. ஆகவே இது அம்மாவின் கடிதம், கை மட்டும் என்னுடையது. வார்டுக்கு வெளியே பெஞ்சில் அவள் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, என் பரீட்சை அட்டையை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். நாங்கள் இங்கே சுகம், உன் சுகத்துக்கு இரண்டு வரி எழுது என்று ஆரம்பிக்கச் சொன்னாள். எழுதினேன். அடுத்த வரிக்குப் போகும் முன், "சுகம்னு எழுதாதடா, அதை அடிச்சிடு" என்றாள். அடித்துவிட்டேன். நாங்கள் இங்கே சுகமாக இல்லை அக்கா. அப்பாவுக்கு எலிக்காய்ச்சல்.

போன மாதக் கடைசியில் நாலு நாள் விடாமல் மழை. தெருச் சாக்கடை நிரம்பி, மில்லின் பின்சுவரில் தரையைக் கழுவிவிடும் தண்ணீர் வெளியே போக ஒரு துளை இருக்கிறதே, அது வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது, வெளியே போக வேண்டியது உள்ளே வந்தால் என்ன ஆகும், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் ஏறிவிட்டது. அப்பா மோட்டாரைக் கழற்றி மேலே ஏற்றி, கோதுமை மூட்டையையெல்லாம் மேசை மேல் அடுக்கி, ஒரு பகல் முழுக்க வெறுங்காலோடு நின்று வாளியால் இறைத்தார். அவர் குதிகால் வெடிப்பு உனக்குத் தெரியும், தீக்குச்சியைச் செருகினால் நிற்கும். பத்து நாள் கழித்துக் காய்ச்சல், உடம்பு உதறல், கெண்டைக்காலைத் தொட்டால் கத்துகிறார், கண் இரண்டும் மிளகாய் அரைத்தவர் மாதிரிச் சிவப்பு. தெருக்கோடி டாக்டர் சாதாரணக் காய்ச்சல் என்று மூன்று நாளுக்கு மாத்திரை கொடுத்தார். நாலாம் நாள் அந்தச் சிவப்புக் கண் மஞ்சளாகிவிட்டது, சிறுநீர் வரவில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். இங்கே இரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் எலிக்காய்ச்சல் என்றார்கள். எலி கடிக்க வேண்டாமாம், எலி இருந்த இடத்துத் தண்ணீர் காலில் இருக்கும் வெடிப்பு வழியாக உள்ளே போனால் போதுமாம். சிறுநீரகம் இரண்டும் வேலைநிறுத்தத்தில் இருக்கின்றன, பேச்சுவார்த்தை நடக்கிறது. இரண்டு முறை மெஷினில் போட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். கட்டிலுக்குக் கீழே ஒரு பை தொங்குகிறது, அதில் எந்தக் கோடு வரைக்கும் சிறுநீர் வந்திருக்கிறது என்று பார்த்து நர்ஸிடம் சொல்வது என் வேலை. நேற்று முழுக்க ஒரு டம்ளர்கூட வரவில்லை. இன்று காலையிலிருந்து அதில் பாதி. பெரிய டாக்டர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னும் மூணு நாள் பாக்கணும்மா, அதுக்கு முன்னாடி நான் எதுவும் சொல்ல முடியாது. ஒரு மூணு நாள் முன்னாடி வந்திருந்தா ஊசியோட போயிருக்கும்" என்றார். தனியாகக் கூப்பிட்டதுதான், ஆனால் கதவு முழுக்கச் சாத்தவில்லை.

உன் முகாமுக்குச் சாமான் கொண்டுபோகும் லாரி நாளைக் காலை கிளம்புகிறது, மலையேறிச் சேர இரண்டு நாள், அது இறக்கிவைத்து நீ கையில் வாங்கும்போது டாக்டர் சொன்ன மூன்று நாளும் முடிந்திருக்கும். போன் எடுக்காத இடத்தில் போய்ப் பாதை அளக்கிறாளே என்று அம்மா உன்னையும் திட்டினாள், பாதையையும் திட்டினாள், அந்த மலையையும் விட்டுவைக்கவில்லை. நீ வர வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால் அவள் சொல்ல மாட்டேன் என்கிறாள். நீ இப்போது இறங்கிவிட்டால் மழை முடியும்வரை திரும்ப மேலே போக வழி இல்லை, உன் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள், இரண்டு வருடம் அலைந்து வாங்கிய வேலை, அதெல்லாம் அவளுக்குத் தெரியும். "வான்னும் எழுதாத, வராதன்னும் எழுதாத. அவளுக்கும் அவர்தானே அப்பா. நடந்ததை நடந்தபடி எழுது, அவளே முடிவு பண்ணட்டும்" என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் படத்தையே பார்த்தாள், கண்ணாடி இல்லாமல் அதில் என்ன தெரிந்ததோ.

அப்பாவுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருக்கிறது. நினைவு வரும்போது மில்லைப் பற்றித்தான் பேச்சு. நேற்று மத்தியானம் அம்மாவிடம், கூடாரத்தில் இருக்கிற பிள்ளைக்கு ஒவ்வொரு காலத்திலும் என்ன வரும் என்று சொல்லி எழுதச் சொன்னார். நமக்கு இதெல்லாம் மனப்பாடம், வாய்ப்பாட்டுக்கு முன்பே படித்தது, இருந்தாலும் அவர் சொன்னதால் எழுதுகிறேன். வெயில் காலத்தில் எறும்பு சர்க்கரைக்கு வருவதில்லை, தண்ணீருக்கு வருகிறது, ஆகவே சர்க்கரையை ஒளித்துப் பயனில்லை, குழாய் சொட்டுவதை நிறுத்த வேண்டும். கரப்பானும் அப்படித்தான், பட்டினி கிடந்தாலும் கிடக்கும், தாகம் தாங்காது. முதல் மழைக்கு ஈசல் விளக்கைத் தேடி வரும், உள் விளக்கை அணைத்துவிட்டு வெளி விளக்கைப் போட்டுவிட்டால் அங்கேயே கூட்டம் போட்டுக் கலைந்துவிடும், ஆனால் ஈசல் சுவருக்குள்ளிருந்தே புறப்பட்டால் உள்ளே கரையான் இருக்கிறது என்று அர்த்தம், கதவு நிலையைத் தட்டிப் பார்க்க வேண்டும். அடைமழையில் வளை நிறையத் தண்ணீர் போய்விடும், எலிக்கும் வீடு வேண்டுமே, நம் வீட்டுக்கு வரும். தேங்கிய தண்ணீரில் கொசு, வாரம் ஒரு தரம் எல்லாவற்றையும் கவிழ்க்காவிட்டால் அது நம்மைக் கவிழ்க்கும். மழை விட்டதும் புதுத் தானியத்தோடு வண்டு வரும், காயவைக்காமல் மூட்டை கட்டக் கூடாது. குளிர் மாதத்தில் எதுவும் வராது என்று நாம் நினைப்போம், அப்போதுதான் எல்லாம் உள்ளே வந்து குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும், ஓட்டை அடைக்க அதுதான் நேரம். "வந்தப்புறம் அடிக்கிறது வேலை இல்ல, வராம பாத்துக்கிறதுதான் வேலை" என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். எலிக்காய்ச்சலில் படுத்துக்கொண்டு அவர் அதைச் சொன்னதைக் கேட்டு நர்ஸ்கூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இனி அம்மா சொல்வது. பூட்ஸ் போடாமல் சேற்றில் இறங்காதே. பூட்ஸைப் போடும் முன் கவிழ்த்துத் தட்டு. காலில் சின்னக் கீறல் இருந்தாலும் கட்டுப் போட்டு மூடு, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்லாதே, உன் அப்பாவும் அதைத்தான் சொன்னார். பிஸ்கட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்காதே, எலிக்கு நீயே அழைப்பிதழ் வைப்பது போல. குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவை, மூடி வை. டப்பாவின் மேல்பக்கத்தைக் கழுவாமல் வாய் வைக்காதே. காய்ச்சல் வந்தால் நீயே வைத்தியம் பார்க்காதே. தலையை ஈரத்தோடு பின்னாதே, இதற்கும் எலிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன், "நீ எழுதுடா" என்றாள், எழுதிவிட்டேன்.

இப்போது நர்ஸ் கூப்பிட்டு அம்மா உள்ளே போயிருக்கிறாள். போகும்போது, "படிச்சிட்டு பயந்துடப் போறா. அவ சிரிக்கிற மாதிரி எதையாவது ஒண்ணு எழுதி வை" என்றாள். சிரிப்பு இலாகா என்னுடையது என்பதால் என் சாதனை ஒன்றை எழுதுகிறேன். அப்பா தினமும் சாயங்காலம் மில்லைக் கூட்டிச் சுத்தம் செய்தபின் சுவரோரம் ஒரு பிடி மாவைச் சலித்துத் தூவிவிட்டு வருவாரே, காலையில் அதில் தடம் இருந்தால் எலி வந்திருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை என்று. நீ போனபிறகு வீட்டில் வம்புக்கு ஆள் இல்லை, நான் என்ன செய்வேன். அழிக்கும் ரப்பரைச் செதுக்கி எலிப்பாதம் செய்தேன், முன்கால் ஒன்று, பின்கால் ஒன்று. காலையில் அவருக்கு முன்னால் எழுந்து போய் மாவில் குத்திவிட்டு வந்து படுத்துக்கொள்வேன். முதல் தடவை அப்பா மூட்டையெல்லாம் புரட்டிப் போட்டு அரை நாள் எலி தேடினார். இரண்டாம் தடவை எலி நொண்டுகிறது என்று கண்டுபிடித்தார், நான் ஒரு காலைக் குத்த மறந்துவிட்டேன். மூன்றாம் தடவை எலி சுவர்வரை போய்த் திரும்பாமல் மறைந்துவிட்டது, "இது எலி இல்ல, என் வீட்டு வால்" என்று வந்து போர்வையை உருவினார். அதன்பிறகு தடம் பார்த்தால் அவர் தேடுவதில்லை, மார்க் போடுவார். நாலு, ஐந்து, ஒரு தரம் ஆறு. கடைசியாகப் போட்டதுதான் அக்கா என் உச்சம். வெள்ளம் வருவதற்கு மூன்று நாள் முன்பு, கழிவுத் துளையிலிருந்து தொடங்கி மூட்டை வரை ஒரே சீரான நடை, நடுவில் வால் இழுத்த மெல்லிய கோடு, விரல் நுனியில் நகம் குத்திய புள்ளிகூட. அப்பா அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாரு இவன் கைவேலையை, நகம்கூட வச்சிருக்கான்! பத்துக்குப் பத்து" என்று என் முதுகில் தட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே காலால் அதைத் துடைத்துவிட்டுப் போனார். பத்துக்குப் பத்து, கணக்கில்கூட நான் வாங்காதது.

அம்மா வந்துவிட்டாள். பையில் இன்னும் பாதி டம்ளர் கூடியிருக்கிறதாம், டாக்டர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லையாம். முடிக்கச் சொல்கிறாள். கண்ணே, நீ எடுக்கிற முடிவு எதுவாக இருந்தாலும் அதைப் பிறகு நினைத்து அழாதே, நான் உன்னைக் கேள்வி கேட்க மாட்டேன். நோய் நொடி இல்லாமல் நல்ல பெயரோடு நூறு வயது இரு. ஒன்று மட்டும் மறக்காதே, வருவதானால் தனியாக இறங்காதே, லாரிக்காரர் கூடவே வா, வராவிட்டால் அவரிடமே இரண்டு வரி கொடுத்தனுப்பு.

இப்படிக்கு,
வாயால் உன் அம்மா,
கையால் உன் தம்பி வால்.

அக்கா, அம்மா அப்பாவுக்கு வெந்நீர் வாங்கப் போயிருக்கிறாள், அதற்குள் தனித் தாளில் இதையும் எழுதிவிடுகிறேன். அந்தக் கடைசித் தடம் நான் போட்டதல்ல. எனக்கு நகம் வைக்க வராது, ரப்பரில் அவ்வளவு மெல்லிசாகச் செதுக்க முடியாது, இரண்டு தரம் முயன்று விரலை வெட்டிக்கொண்டதுதான் மிச்சம். அன்று நான் எழுந்திருக்கவே இல்லை. அப்பா கூப்பிட்டுக் காட்டியபோது எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஆனால் அவர் பத்துக்குப் பத்து என்று சொல்லி முதுகில் தட்டிவிட்டார், வாயைத் திறக்க மனசு வரவில்லை, நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அந்த நாளைக்குள் மழை வந்துவிட்டது. அது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. காய்ச்சல் வந்த முதல் நாள் தெருக்கோடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனது நான்தான். அவர் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "வெள்ளத்துல நின்னீங்களா, உங்க இடத்துல எலி உண்டா?" என்று தெளிவாகக் கேட்டார். அப்பா அந்தக் காய்ச்சலிலும் நிமிர்ந்து உட்கார்ந்து, "வெள்ளம் வந்துச்சு டாக்டர், ஆனா நம்ம மில்லுல எலி கிடையாது. தடம் இருந்தா அது என் பையனோட விளையாட்டு" என்று என்னைக் காட்டிச் சிரித்தார். டாக்டரும் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன் அக்கா. அந்த மூன்று நாள் அப்படித்தான் போனது. இப்போது நினைவு வரும்போதெல்லாம் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம மில்லுக்குள்ள எப்படிடா வந்துச்சு?" என்று கேட்கிறார், நான் தண்ணீரோடு வந்திருக்கும்பா என்கிறேன். உறை இன்னும் ஒட்டவில்லை. அம்மா வந்து உட்கார்ந்ததும் இந்த ஒரு பத்தியை மட்டும் அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் ஒட்டப் போகிறேன், தைரியம் வராவிட்டால் இந்தத் தாளைக் கிழித்துவிடுவேன். ஆகவே இது உன் கைக்கு வந்து சேர்ந்திருந்தால், படித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்.