சுதி நிற்காத கிட்டார்

மார்ச் 8, ஞாயிறு

வாங்க கொப்பியாரே, சௌக்கியமா? சாப்பிட்டாச்சா? ஒரு வாரமாக உங்களைத் திறக்கவில்லை. கோபிக்க வேண்டாம். எழுத ஒன்றும் இல்லை, அதுதான்.

காலையில் பனி. ஒன்பது மணிக்குப் பிறகு மண்டையைப் பிளக்கிற வெயில். மழையைக் கண்டு நாளாச்சு. பீலியில் தண்ணீர் நூல் மாதிரி விழுகிறது, குடம் நிறைவதற்குள் பெண்கள் ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்துவிடுகிறார்கள். மலையில் தேயிலைக் கொழுந்தும் இல்லை. மனைவி ராசாத்தி பாதிக் கூடையோடு வீட்டுக்கு வருகிறாள், முகத்தில் பாதிச் சிரிப்புக்கூட இல்லை.

இன்று கொட்டகலையில் தேவா மாஸ்டர் வீட்டில் பயிற்சி. மாஸ்டர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பிக்கவில்லை. பாடுவார், எங்கள் இசைக்குழுவின் ஸ்பீக்கர் எல்லாம் அவருடையது, அதனால் மாஸ்டர்.

இரண்டாவது பாட்டில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“செல்வம், என்னத்தய்யா வாசிக்கிற? நீ ஒரு மலையில நிக்கிற, நாங்க ஒரு மலையில நிக்கிறோம்.”

கீபோர்ட் அன்டன் ஒரு கட்டையை அமுக்கிப் பிடித்தார். என் கம்பி அரை சுரம் கீழே. முறுக்கிச் சரிசெய்தேன். பிறகு எல்லாம் ஒழுங்கு. ஆனால் இது மூன்றாவது வாரம்.

புரியாதது இதுதான். நான் எப்போதும் வீட்டிலேயே சுதி சேர்த்துக்கொண்டுதான் போவேன். மேடையில் அதற்கு நேரம் கிடைக்காது. திருவிழாக் கமிட்டி நன்றி சொல்லி முடித்தவுடன் பாட்டு. அதோடு, மரத்தில் கட்டுகிற கோன் ஸ்பீக்கரில் என் பாஸ் கிட்டாரின் அடிச்சத்தம் ஏறாது, நான் வாசிப்பது எனக்கே கேட்காது. எங்கள் லயத்து வீட்டு வரிசை ஸ்டோருக்குக் கீழே. தேயிலை தயாரிக்கிற அந்த ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற விசிறி இரவும் பகலும் ‘ம்ம்ம்’ என்று ஒரே சத்தமாக ஓடும். என் மெல்லிய கம்பியை அந்தச் சத்தத்தோடு சேர்த்தால் போதும், மற்ற மூன்றையும் அதிலிருந்து பிடித்துக்கொள்வேன். இந்தக் குழுவுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். கீபோர்டோடு இம்மி பிசகியதில்லை.

வீட்டில் சரி. கொட்டகலையில் தப்பு. அப்படியென்றால் வழியில் பஸ்ஸில் இறங்குகிறது. கழுத்துக் கட்டை வளைகிறது. வயதான கிட்டார். கண்டியில் ஹோட்டலில் வாசித்த ஒருவரிடமிருந்து வந்தது, அவருக்கு முன்னே யாரிடம் இருந்ததோ.

மாஸ்டர் கடைசியில் சொன்னது: “வாற சனிக்கு அடுத்த சனி அம்மன் திருவிழா. அதுக்குள்ள ஒன் கிட்டார சரி பண்ணு. இல்லாட்டி அன்டனே எடது கையில பாஸப் போட்டுக்கட்டும். வேன்லயும் ஒரு சீட்டு மிச்சம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

மார்ச் 10, செவ்வாய்

பனி. காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கிற கண்டாக்கையாவுக்குத் தடிமன், மூக்கால் பேர் வாசித்தார்.

கவ்வாத்து வேலை. வாதுகளை வெட்டி வெட்டி வலது கைச் சுண்டுவிரல் மடங்க மறுக்கிறது. நல்ல வேளை, பாஸுக்குச் சுண்டுவிரல் அதிகம் வேண்டாம். சாதாரண கிட்டார் வாசிக்கிறவன் என்றால் இந்நேரம் விட்டிருப்பான். நான் பாஸுக்கு வந்ததும் தற்செயல்தான். மற்றதற்கெல்லாம் ஆள் இருந்தது, இது மட்டும் சும்மா கிடந்தது.

மாலையில் கிட்டாரை ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், கத்திப் பிடி நேராக இருக்கிறதா என்று பார்ப்பது போல. நேராகத்தான் தெரிகிறது. ஆனால் விசிறியோடு சேர்த்தால் கம்பி தளர்ந்து தொங்குகிறது. முன்பு இப்படித் தளராது. கட்டை வளைந்திருக்கத்தான் வேண்டும்.

பக்கத்துக் காம்பரா முனியம்மா அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து: “தம்பி, அந்த டும்டும்ம நிப்பாட்டுங்க, அலமாரியில கோப்பையெல்லாம் ஆடுது.”

ஆம்ப் போடவில்லை. கிட்டார்த் தலையை மரப் பெட்டியில் முட்டுக்கொடுத்து வாசித்தேன், அவ்வளவுதான். அதற்கே கோப்பை ஆடுகிறது. கோயிலில் நாலு கோன் கட்டியும் ஒருவருக்கும் கேட்பதில்லை.

மார்ச் 12, வியாழன்

ஹட்டன் போனேன். வாங்கியது: உருளைக்கிழங்கு, சவர்க்காரம், ராசாத்திக்குத் தைலம். பார்த்தது: ஐந்து கம்பி பாஸ்.

கறுப்பு. முகம் தெரிகிற பளபளப்பு. ஐந்தாவது கம்பி சுண்டுவிரல் தடிப்பு. அதைத் தட்டினால் கடைக்காரரின் கண்ணாடி அலமாரி சிணுங்குகிறது. கழுத்து அகலம், என் கைக்குப் பாதிதான் எட்டியது.

முதலாளி சிங்களவர், நன்றாகத் தமிழ் பேசுவார். “ஹொந்த சாமான் மல்லி, நல்ல சாமான் தம்பி. இப்ப புதுப் பாட்டுக்கெல்லாம் இதுதான் எடுக்கிறாங்க. பழசக் கொண்டாங்க, மாத்தித் தாறேன்.”

“என்னோடது கழுத்து வளைஞ்சது முதலாளி.”

“அது நான் பாக்கிறேன்.”

பழையதைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைச் சிறுகச் சிறுகக் கட்டலாம் என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை வரை எடுத்து வைக்கச் சொன்னேன்.

பஸ்ஸில் வரும்போது உருளைக்கிழங்குப் பையை மடியில் வைத்து ஐந்து கம்பிக்கு விரல் பிடித்துப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

மார்ச் 15, ஞாயிறு

பயிற்சி. கிட்டாரை ராசாத்தியின் கம்பளியில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். குளிர் படக்கூடாது, ஆட்டம் படக்கூடாது. ஒரு அம்மா எழுந்து இடம் கொடுத்தார். “பச்சப்புள்ளையா? மொகத்த மூடாதீங்க, மூச்சு முட்டும்.”

அவ்வளவு செய்தும் அரை சுரத்துக்கும் கீழே.

மாஸ்டர் இந்த முறை கத்தவில்லை. பாட்டு வரிசைத் தாளை அன்டனிடம் கொடுத்து, “எடது கைக்குப் பழகிக்கங்க” என்றார். கத்தியிருக்கலாம்.

அன்டன் என்னைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்தார்.

ராசாத்தி தட்டை வைத்தாள். ரொட்டியும் சம்பலும். சம்பல் உறைப்பு அதிகம்.

மார்ச் 17, செவ்வாய்

வெயில். வேலை முடிந்து கடையடியில் மாரியப்பன் அண்ணனைக் கண்டேன். ஸ்டோரில் மெசின் பார்க்கிறவர். அவரோடு பேசினால் முதலில் அவர் முழங்கால் வலி, பிறகு மருமகனின் முச்சக்கர வண்டி, பிறகுதான் உலகம். இன்றும் அப்படியே. தேத்தண்ணி ஆறிவிட்டது.

சும்மா கேட்டேன், “ஸ்டோருல வேல எப்படிண்ணே?”

“என்ன வேல? கொழுந்தே இல்லயே. விசிறியக்கூட மெதுவாத்தான் ஓட்டுறோம்.”

“மெதுவாவா?”

“போன மாசம் கொழும்புலேருந்து வந்து ஒரு பெட்டி மாட்டிட்டுப் போனாங்கல்ல. கொழுந்து கொறைஞ்சா வேகத்தக் கொறைக்கலாம். கரண்டு மிச்சமாம். முந்தி மாதிரி ஒரே ஓட்டம் இல்ல. ஒரு நாளைக்கு ஒரு வேகம்.”

கோப்பையைக் கீழே வைத்தேன்.

“அப்ப சத்தமும் கொறையுமாண்ணே?”

“கொறையாம? மெதுவா ஓடுனா சத்தம் எறங்கத்தானே செய்யும். ஏன், தூக்கம் வரலியா?”

இவ்வளவு நாளும் கிட்டாரின் சுதி வழியில் அசையவே இல்லை. கொட்டகலை போகும் வழியில் ஒன்றும் நடக்கவில்லை. விசிறி இறங்க இறங்க, நானும் வீட்டிலேயே கம்பியைக் கீழே இறக்கிக் கொண்டுபோயிருக்கிறேன். கம்பளி வேறு சுற்றி.

சிரிப்பு வந்தது. கொஞ்சம் கழித்து வேறு ஒன்றும் வந்தது. விசிறி இல்லாவிட்டால் எனக்குச் சுதி தெரியுமா? காது நல்ல காது என்று மாஸ்டரே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். அது என் காதா, ஸ்டோருடைய காதா?

மார்ச் 18, புதன்

பழைய சத்தம் மனதில் இருக்கிறதா என்று தேடினேன். வாயால் ‘ம்ம்ம்’ என்று பிடிப்பேன். பிடித்த அடுத்த நிமிஷம் மேலேயிருந்து விசிறி தன் பக்கம் இழுத்துவிடும்.

ராசாத்தி அடுப்பு ஊதும்போது எப்போதும் ஏதாவது முனகுவாள், ஒரே சுதியில். கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்கிறேன். அதைப் பிடித்தால் என்ன?

“கொஞ்சம் பாடு.”

“எதுக்கு?”

“சும்மா பாடு.”

“ஒங்களுக்குக் காய்ச்சலா?”

பாடவில்லை. கிட்டாரோடு கதவுக்குப் பின்னால் நின்றேன். கொஞ்ச நேரத்தில் மறந்துபோய் முனக ஆரம்பித்தாள். மெல்லக் கம்பியைச் சேர்த்தேன். திரும்பிப் பார்த்து, “ஐயோ, திருடன் மாதிரி!” என்று ஊதாங்குழலை ஓங்கினாள்.

சேர்த்ததைக் கொண்டுபோய் அன்டனிடம் காட்டினேன். அவருக்குப் பஜாரில் போன் திருத்துகிற கடை. மேசைக்கு அடியில் சின்னக் கீபோர்ட் வைத்திருக்கிறார். ஒரு கட்டையை அமுக்கினார்.

“கீழதாண்ணே நிக்கிது.”

அவளும் விசிறியோடுதான் பாடுகிறாள். அவளுக்கும் தெரியாது.

முழுக்கதையையும் அன்டனிடம் சொன்னேன். சிரித்து முடித்து, லாச்சியைத் திறந்து, நெருப்புப் பெட்டி அளவில் ஒரு சாமான் எடுத்தார். டியூனர். கிட்டார்த் தலையில் கவ்விக்கொள்ளும். சுதி சேர்ந்தால் பச்சை, தப்பினால் சிவப்பு.

இதை முன்பே கண்டிருக்கிறேன். புதுப் பையன்கள் மாட்டிக்கொண்டு வருவார்கள். காது இல்லாதவனுக்கு ஊன்றுகோல் என்று பகிடி பண்ணியிருக்கிறேன். வாங்கிச் சட்டைப் பையில் போட்டேன்.

“நீங்க எதுக்கு எனக்குக் குடுக்கிறீங்க அன்டன்? நான் போனா ஒங்களுக்குத்தானே பேரு.”

“எனக்கு எதுக்குண்ணே அந்தப் பேரு? எடது கைய ஒங்க வேலைக்குக் குடுத்துட்டா என் வேலைய எந்தக் கையால செய்றது? ஆனா மாஸ்டர்கிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா, வாசிக்கத் தெரியாம நழுவுறேம்பாரு.”

மார்ச் 20, வெள்ளி

ஹட்டன் போகவில்லை. முதலாளிக்குப் போன்.

“கழுத்து வளையல முதலாளி. நல்லாத்தான் இருக்கு.”

“ஹரி, ஹரி. சரிதான், நல்லதுதானே. அப்ப கறுப்ப வேற ஆளுக்குக் காட்டவா?”

காட்டுங்க என்றேன். வாங்குவதற்கு இருந்த காரணம் போய்விட்டது. ஆசை இருந்த இடத்தில் இருக்கிறது. அந்தத் தடித்த கம்பி, சிணுங்கின கண்ணாடி. கோன் ஸ்பீக்கரில் நாலு கம்பியே கேட்காது, ஐந்தாவது யாருக்கு? தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய.

நாளைக்கு: நீலச் சட்டை. வயர் இரண்டு. பேண்டேஜ். டியூனர். தேங்காய் ஒன்று (ராசாத்தி வேண்டுதல், எதற்கென்று சொல்லவில்லை).

மார்ச் 21, சனி

மேடைக்குப் பின்னால், தேயிலைச் செடிக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன். தோட்டமெல்லாம் வேப்பிலை. சாமி தேரில் ஏறியாச்சு. கோன் நாலும் நாலு திசை பார்த்து மரத்தில். பக்கத்து டிவிசனுக்குக் கேட்காத திருவிழா என்ன திருவிழா என்று கமிட்டித் தலைவர்.

வேனில் மாஸ்டரிடம் சொன்னேன். விசிறி, பெட்டி, வேகம், எல்லாம். வண்டி குலுங்கச் சிரித்தார்கள்.

“அப்ப இத்தன வருசமும் ஸ்டோரு விசிறிதான் நமக்கு சுதி போட்டுச்சா? ஒன் பங்க விசிறிக்குல்ல குடுத்திருக்கணும்!”

“இப்ப சரியாயிருச்சு மாஸ்டர்.”

சிரிப்பை நிறுத்தினார். “போன வாரமும் கம்பளி சுத்திக்கிட்டு வந்து இப்படித்தான் சொன்ன. இது நம்ம தோட்டமில்ல, ஊரான் தோட்டம். மொதப் பாதி அன்டன் போடட்டும். பெறகு பாப்போம்.”

பிறகு என்றால் எப்போது என்று கேட்கவில்லை.

மூன்று பாட்டு முடிந்தது. அன்டனின் இடது கை பரவாயில்லை. கூட்டம் ஆடுகிறது. என்னைக் காணோம் என்று ஒருவரும் தேடவில்லை. ஜெனரேட்டருக்கு எண்ணெய் ஊற்றுகிற பெரியவர் மட்டும் வந்து பக்கத்தில் குந்தினார்.

“நீங்க வாசிக்கலீங்களா?”

“பெறகு.”

“என்ன இது, கிட்டாரா?”

“பாஸ்.”

“அது என்ன செய்யுங்க?”

“கேக்காதுங்க. ஆனா இல்லாட்டித் தெரியும்.”

கொஞ்சம் காதுகொடுத்துக் கேட்டார். “இப்ப இல்லயே. ஒண்ணும் தெரியலீங்களே.”

எண்ணெய்க் கேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நல்ல மனிதர். வெற்றிலை ஒன்று கொடுத்தார்.

டியூனரை மாட்டிப் பார்த்தேன். நாலும் பச்சை. கண்ணை மூடி ஒரு கம்பியைக் கெடுத்துவிட்டு, காதால் சேர்த்துவிட்டுத் திறந்து பார்த்தேன். சிவப்பு. மறுபடி. சிவப்பு. மறுபடி. பச்சைக்குப் பக்கம் வந்து ஆடியது. அவ்வளவுதான் என் காது. இருக்கிறது, கொஞ்சம்.

நாலாவது பாட்டு. வேகப் பாட்டு. அன்டனின் இடது கை இரண்டு இடத்தில் தடுக்கியது. மற்றவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரிகிறது. இப்போது அந்தக் கையை எடுத்தேவிட்டார். கோனில் மேல் சத்தம் மட்டும் கீச்சென்று போகிறது, தட்டில் கரண்டி இழுப்பது போல. ஆடுகிறவர்கள் நிற்கவில்லை, ஆனால் கால் எங்கே வைப்பது என்று தேடுகிற மாதிரி ஒரு தடுமாற்றம். எனக்குத்தான் அப்படிப் படுகிறதோ என்னவோ. அந்தப் பெரியவரும் ஜெனரேட்டரைத் திரும்பிப் பார்க்கிறார், அதில்தான் கோளாறு என்று.

அவருக்கு என்ன சொல்லியிருக்கலாம் என்று இப்போதுதான் வாயில் வருகிறது. பாஸ் என்பது, பெரியவரே, நாம் நடக்கும்போது கீழே

மைக்கிலேயே கூப்பிடுகிறார் மாஸ்டர். நாலு கோனிலும் என் பெயர், பக்கத்து டிவிசன் வரைக்கும் போயிருக்கும். “செல்வம், எங்கய்யா போன, ஏறு மேல, ஏறு!” கொப்பியாரே, பைக்குள்ளே போங்க, அன்டன் வயரை நீட்டிக்கொண்டு