கண்டனியா?

ஒடென்சே
02.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் பேசாமல் இருந்தது போதும். இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். நீங்கள் ஹூஸ்டனில் லோரன்ஸ் வீட்டில் நல்ல சுகமாக இருக்கிறீர்கள் என்று கோயிலடியில் எல்லாரும் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை. அதனால் சுகம் விசாரிக்காமலே விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிறு லோரன்ஸ் தொலைபேசி எடுத்தான். தனக்கு ஒரு அண்ணன் இருப்பது அவனுக்கு வருடத்தில் ஒரு தடவைதான் நினைவு வரும். சிரித்துச் சிரித்துச் சொன்னான்:

“அண்ணை, ஒரு பகிடி கேளுங்கோ. அக்கா கடைக்கெண்டு பெரிய றோட்டால நடந்து போயிருக்கிறா. இஞ்ச ஆர் நடக்கிறது? பொலிஸ் மறிச்சிட்டுது. வெள்ளையைக் கண்டதும் மனுசி டேனிஷ் கதைச்சிருக்கிறா! அவங்கள் மூளை குழம்பின ஆள் எண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போட்டாங்கள்.”

“என்ன சொன்னவவாம்?” என்று பக்கத்தில் நின்ற சுஜாந்தினி கேட்டாள்.

“‘யை கோர் பாரெ, யை கோர் பாரெ’ எண்டு திருப்பித் திருப்பிச் சொன்னவவாம். உங்கட பாஷைதானே அண்ணி, என்னவாம் அது?”

“நான் சும்மா நடக்கிறன் எண்டு அர்த்தம்.”

அவன் இன்னும் பலமாகச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்திமூன்று வருடம் இந்த டென்மார்க் நாட்டு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்தீர்கள். லீவு கேட்டதும், முழங்கால் வலியை டொக்டருக்குச் சொன்னதும் டேனிஷில்தான். வெள்ளை முகத்தைக் கண்டால் வாயில் வேறு எந்தப் பாஷை வரும்? இதை விளங்கிக்கொள்ள அவனுக்கு மூளை போதாது. பெரிய படிப்புப் படித்தவன் என்று நீங்கள்தான் தலையில் வைத்து ஆடினீர்கள்.

இப்போது உங்கள் கையில் ஒரு மணிக்கூடு கட்டிவிட்டிருக்கிறானாம். நீங்கள் எங்கே போனாலும் அவனுடைய போனில் காட்டுமாம். “எங்க போறதெண்டாலும் கேட்டா கூட்டிக்கொண்டு போவம்தானே, அண்ணை” என்றான். கேட்டால்! மூத்தவள் தன் தம்பியிடம் போய், ‘என்னைக் கோயிலுக்குக் கொண்டுபோய் விடு’ என்று கேட்க வேண்டும். நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

அவன் வீட்டைக் கணினி வரைபடத்தில் தேடிப் பார்த்தேன். கடை இரண்டு கிலோமீற்றர், இடையில் ஆறு வரிசையில் கார் ஓடும் வீதி, நடைபாதை கிடையாது. கோயில் இருபத்தேழு கிலோமீற்றர். இங்கே ஒரு மாத பஸ் சீட்டை வைத்துக்கொண்டு பூசைக்கும், நீச்சல் தடாகத்துக்கும், தமிழ்க்கடைக்கும், சிநேகிதி விக்ரோரியா வீட்டுக்கும் நினைத்த நேரம் போய்வந்தவர் நீங்கள். யாரும் உங்களை ஏற்றி இறக்கவில்லை. லோரன்ஸ் இங்கே வந்து நின்றபோது சொன்னது நினைவிருக்கிறதா? “மனுசன் எண்டா கார் வேணும். இதென்ன, குளிருக்க நிண்டு பஸ்ஸுக்குப் பிச்சையெடுக்கிறது?” பஸ் சாரதியாக இருக்கும் அண்ணனின் மேசையில் சாப்பிட்டுக்கொண்டு சொன்னான். நீங்கள் அவனுக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டீர்கள்.

ஈஸ்டர் விருந்தில் புதிதாக வந்த பங்குச் சுவாமியிடம் என்னைக் காட்டி, “தம்பி கணிதப் பட்டதாரி, பாவம், படிச்சதெல்லாம் பஸ்ஸோட போச்சு” என்றீர்களே, அதையும் நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு உங்களோடு கதைக்காமல் விட்டேன். அதற்காக எனக்குச் சொல்லாமல் நாட்டை விட்டுப் போவதா? கோயிலுக்கு வரும் மேனுஜாவின் தாய் என் பஸ்ஸில் ஏறி, “அக்கா அமெரிக்கா போட்டாவாமே” என்றபோதுதான் எனக்குத் தெரியும். “ஓம்” என்று சொல்லிவிட்டு வீதியைப் பார்த்தேன்.

இருந்தும் எழுதுகிறேன். மகள் நிறோஷினி வேலையோடு ஓகூஸ் நகருக்குப் போய்விட்டாள். அவளுடைய அறை காலி. உங்களிடம் டேனிஷ் கடவுச்சீட்டு இருக்கிறது. திரும்பி வாருங்கள்.

தம்பி,
கிறிஸ்துநாயகம்


ஹூஸ்டன்
24.03.2025

அன்புத் தம்பி நாயகத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. திட்டித்தான் எழுதியிருக்கிறாய், என்றாலும் உன் எழுத்தைக் கண்டதே எனக்குப் பெரிய சந்தோசம். சுஜாந்தினிக்கு முதுகு நோ எப்படி? நிறோஷினிக்கு ஓகூஸ் பிடித்திருக்கிறதா? நீ சீனியைக் குறைத்தாயா என்று கேட்க இங்கிருந்து எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

கடிதமாகவே எழுது. இந்த வீட்டில் சமையலறையும் இருக்கை அறையும் ஒன்றாகக் கிடக்கின்றன. போனில் மெதுவாகக் கதைக்க ஒரு மூலை இல்லை. வாசலுக்கு வெளியே வளவு முடியும் இடத்தில் ஒரு தபால்பெட்டி இருக்கிறது. கடிதத்தை உள்ளே வைத்து அதிலிருக்கும் சிவப்புத் தகட்டை நிமிர்த்திவிட்டால் தபால்காரர் எடுத்துப் போவார். நான் தனியாகப் போய்வரும் இடம் அதுதான், அதனால் கடிதம் எழுதுவது எனக்கு ஒரு பயணம்.

லோரன்ஸைக் கரித்துக் கொட்டாதே. காலை ஆறரைக்கு அவனும் மனைவியும் இரண்டு காரில் வெளிக்கிட்டால் பொழுதுபட்டுத்தான் வருகிறார்கள். ஒவ்வொரு நாளும் மூன்று மணித்தியாலம் ஸ்டீயரிங்கோடு. சனிக்கிழமை அவன் கதிரையில் இருந்தபடியே நித்திரை கொள்வதைப் பார்த்தால், ‘கோயிலுக்குப் போவமா’ என்று எந்த வாயால் கேட்பது? “அக்கா, ஊபர் போட்டுத் தரவா?” என்று கேட்பான். நான் “வேண்டாம்” என்பேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே இங்கே எடுத்துக்கொள்கிறார்கள். நம் வீட்டில் வேண்டாம் என்றால் இன்னொரு தடவை கேட்பார்கள்.

காரைப் பற்றி நீ பெரிதாக எழுதுகிறாய். விடியப்புறம் நாலரைக்கு பஸ் எடுக்க நீயும் உன்னுடைய டொயோட்டாவில்தானே போகிறாய்?

லோரன்ஸ் உனக்குச் சொன்னதில் ஒன்று பிழை. நான் கடைக்குப் போகவில்லை. ஒருநாள் காரில் போகும்போது பெரிய வீதிக் கரையில் ஒரு கம்பம் கண்டேன். பஸ் படம் போட்ட சிறிய பலகை. கூரை இல்லை, இருக்க ஒரு வாங்கு இல்லை, புல்லுக்குள் தனியாக நின்றது. அதற்குப் பிறகு எனக்கு வேறு நினைவே இல்லை. அன்றைக்கு எல்லாரும் போனபிறகு வெளிக்கிட்டு முக்கால் மணித்தியாலம் நடந்து அதனடியில் போய் நின்றேன். போகிற கார்க்காரர் எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மணித்தியாலம் கழித்து பஸ் வந்தது. சாரதி ஒரு கறுப்பினப் பெண். கதவைத் திறந்து என்னவோ கேட்டாள். எங்கே போகிறீர்கள் என்றுதான் கேட்டிருப்பாள். எனக்குப் போக இடம் எதுவும் வாயில் வரவில்லை. அவள் அவசரப்படுத்தாமல் திறந்த கதவோடு அப்படியே நின்றாள். நான் கையால் போகச் சொன்னேன். திரும்பி நடக்கும்போதுதான் பொலிஸ் வந்தது.

இன்னுமொன்று. உனக்குச் சொல்லாமல் போனேன் என்கிறாய். லோரன்ஸ் பதினைந்து வருடத்துக்கு முதல் போட்ட விண்ணப்பம் திடீரென்று சரிவந்தது. உனக்குப் போன் எடுத்தேன், நீ எடுக்கவில்லை. வீட்டுக்கு வர வெட்கமாக இருந்தது. உன் பஸ் வரும் நேரம் எனக்குத் தெரியும்தானே. ஜனவரி மாதம், பனி கொட்டிய ஒரு பின்னேரம், ஆஸ்பத்திரி பஸ் தரிப்புக்கு ஓடி வந்தேன், உன்னிடம் சொல்ல. நீ கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாய்.

ஆண்டவர் உங்கள் எல்லாரையும் காப்பாராக.

அன்பு அக்கா,
பவளராணி


ஒடென்சே
10.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கண்டேன். சுஜாந்தினிக்கு முதுகு பரவாயில்லை. சீனி பற்றி நான் எழுதப் போவதில்லை.

டொயோட்டாவைப் பற்றிக் கேட்டீர்கள். நாலரைக்கு முதல் இந்த ஊரில் பஸ் கிடையாது. முதல் பஸ்ஸை எடுக்கப் போகிறவன் எந்த பஸ்ஸில் போவான்? அதையும் லோரன்ஸுடைய காரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். என் கார் என்னை வேலைக்குக் கொண்டுபோகிறது. அவனுடைய கார்கள் உங்களை வீட்டுக்குள் வைத்திருக்கின்றன. ஒரு நாடே கார் வைத்திருப்பவனுக்காகக் கட்டிக் கிடக்கிறது. கார் ஓடாத ஒரு பெண் றோட்டில் நடந்தால் அவளுக்குப் பைத்தியமா என்று சோதிக்கிறார்கள். இதைச் சுதந்திரம் என்று என்னிடம் இருபது வருடமாகப் பீற்றுகிறான்.

அந்தப் பின்னேரத்தைப் பற்றி. பனிக்காலத்தில் கண்ணாடி முழுக்க ஆவி பிடிக்கும். கதவடியில் யார் நிற்கிறார்கள் என்று சாரதிக்குத் தெரியாது. அன்றைக்கு நான் நாலு நிமிடம் பிந்தி ஓடிக்கொண்டிருந்தேன். கதவு சாத்திய பிறகு திறக்கக் கூடாது என்பது எங்களுக்குச் சட்டம். ஒருவருக்குத் திறந்தால் பின்னால் இன்னொருவர் ஓடி வருவார், பஸ் தரிப்பிலேயே வேர்விட்டுவிடும். அடுத்த பஸ் பன்னிரண்டு நிமிடத்தில் வந்திருக்கும். நீங்கள் சொல்ல விரும்பியிருந்தால் அதில் ஏறிக் கடைசித் தரிப்புக்கு வந்து சொல்லியிருக்கலாம்.

வருவதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லையே. அறைக்குப் புதுத் திரைச்சீலை போட்டிருக்கிறாள் சுஜாந்தினி. “அக்கா வருவாவோ மாட்டாவோ, ஒரு முடிவு கேளுங்கோவன்” என்று நாளுக்கு நாள் அரிக்கிறாள். என் பஸ் பிடிக்காவிட்டால் ட்ராமும் ஓடுகிறது. அதை நான் ஓடுவதில்லை.

தம்பி,
கிறிஸ்துநாயகம்


ஹூஸ்டன்
05.05.2025

அன்புத் தம்பிக்கு,

மாதாவின் மாதம் பிறந்திருக்கிறது. அங்கே எல்லாரும் செபமாலைக்குக் கூடுவீர்கள். நான் இங்கே ஜன்னலடியில் இருந்து சொல்கிறேன்.

திரைச்சீலை என்ன நிறம் என்று சுஜாந்தினியிடம் கேட்டு எழுது. நீ என்னைத் திரும்பி வரச் சொல்வதை லோரன்ஸுக்குச் சொல்லிவிட்டேன். “உங்களுக்கு இஞ்ச என்ன குறை, அக்கா?” என்று கேட்டுக் கண் கலங்கினான். ஒரு குறையும் இல்லை என்றேன். மணிக்கூட்டைத் தானே கழற்றி மேசையில் வைத்தான். பிறகு வெளியே போய்க் காருக்குள் தனியாக இருந்தான். அவனும் உன்னைப் போலத்தான், கோபம் வந்தால் ஒரு வாகனத்துக்குள் போய் இருந்துவிடுவான்.

நீ படித்தவன், நாயகம். நீ எழுதினால் எல்லாம் நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கண்ணாடியில் ஆவி என்று எழுதியிருக்கிறாய். நான் பின்னால் ஓடிவந்து நின்றுவிடவில்லை. முன்கதவுக்கே வந்துவிட்டேன். கையால் கண்ணாடியில் இரண்டு தரம் தட்டினேன். என் கை பட்ட இடத்தில் ஆவி அழிந்திருக்கும்.

ஈஸ்டர் அன்று நான் சுவாமியிடம் சொன்னது பிழை. உன் படிப்பு வீணாகிறதே என்ற ஆதங்கத்தில் வந்த சொல். அது உனக்கு எப்படிக் கேட்கும் என்று நான் யோசிக்கவில்லை. என்னை மன்னித்துக்கொள்.

இனி நான் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு நீ என்னைக் கண்டனியா? கண்டேன் என்று எழுதினால் வருகிறேன். அந்த அறையில் இருக்கிறேன், உன் பஸ்ஸிலேயே கோயிலுக்குப் போகிறேன். திரும்பவும் ஆவி என்று எழுதினால் வரமாட்டேன். இங்கே எல்லாம் தூரம், அவ்வளவுதான். தூரத்தை நான் தாங்கிக்கொள்வேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, கண்டும் காணவில்லை என்று சொல்கிறவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்க என்னால் முடியாது.

அன்பு அக்கா,
பவளராணி


ஒடென்சே
22.06.2025

அக்கா,

ஆறு கிழமையாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழிக்கிறேன். கணிதம் படித்தவனுக்கு ஒரு கேள்விக்கு ஒரு வரியில் விடை எழுதத் தெரிய வேண்டும். முதலில் எழுதியவை எல்லாம் மூன்று பக்கம் வந்தன. சட்டம், நேர அட்டவணை, பனி, சறுக்கும் வீதி, எல்லாம் சரியாகத்தான் இருந்தன. சுஜாந்தினி ஒன்றை எடுத்து வாசித்துவிட்டு, “இது பொலிசுக்குக் குடுக்கிற வாக்குமூலம் போல கிடக்கு. அக்கா கேட்டதுக்கு மறுமொழி எங்க?” என்றாள்.

கண்டேன்.

மண்ணிறக் கோட்டு. தலையில் சுற்றிய சால்வையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். நீங்கள் ஆஸ்பத்திரி வாசலில் இருந்து திரும்பும்போதே பஸ்ஸின் பக்கக் கண்ணாடியில் கண்டேன். நீங்கள் வந்து சேரும்வரை கதவைத் திறந்துதான் வைத்திருந்தேன். இரண்டு மீற்றர் தூரம் இருக்கும்போது சாத்தினேன். தட்டியதும் கேட்டது. முன் இருக்கையில் இருந்த ஒரு டேனிஷ்காரி, “யாரோ வருகிறார்கள்” என்றாள். சட்டம் விடாது என்று அவளுக்குச் சொன்னேன். படித்ததெல்லாம் பஸ்ஸோடு போனவன் பஸ்ஸோடு போகட்டும், நீங்கள் நின்று பாருங்கள் என்று எனக்குள் சொன்னேன். அடுத்த தரிப்பு வரைக்கும் எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

நீங்கள் என்ன சொல்ல வந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் திறந்திருப்பேனா என்று நானே என்னைக் கேட்டுப் பார்த்தேன். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

மன்னிப்பு நீங்கள் கேட்டுவிட்டீர்கள், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. மூத்தவள் முதலில் கேட்டுவிட்டால் இளையவனுக்குக் கேட்க என்ன மிஞ்சும்? ஈஸ்டர் விருந்துச் சொல் இன்னும் எனக்கு உறுத்துகிறது. லோரன்ஸின் சிரிப்பும் உறுத்துகிறது. இவற்றை விட்டுவிட்டேன் என்று எழுதினால் அது இன்னொரு ஆவி.

திரைச்சீலை பச்சை. சுஜாந்தினி மறக்காமல் எழுதச் சொன்னாள்.

வருவதும் வராததும் இனி உங்கள் விருப்பம். சொன்னபடி வர வேண்டும் என்று நான் பிடித்து வைக்க மாட்டேன். விமான நிலையத்துக்கு நான் காரில் வரமாட்டேன், ரயிலில் வருவேன். வாசலில் நிற்பேன்.

இங்கே தெருமுனைத் தபால்பெட்டிகளைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். டென்மார்க்கில் யாரும் கடிதம் எழுதுவதில்லையாம். வேலைக்குப் போகிற வழியில் கடையில் கொடுக்க வேண்டும். கீழே ‘அன்புத் தம்பி’ என்று எழுதப் பேனையை வைத்தேன். கதவைச் சாத்தியதும் அந்தத் தம்பிதான். அவனுடைய பெயரை இந்தத் தாளில் அன்போடு சேர்த்து எழுத என் கை ஒத்துக்கொள்ளவில்லை. வெறும் பெயரை மட்டும் போட்டால் இது அரசாங்கக் கந்தோர்க் கடிதமாகிவிடும். என் எழுத்து உங்களுக்குத் தெரியும். ஒன்றும் போடாமல் இப்படியே ஒட்டி, இன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.