சிவப்புக் கயிறு

1944 சனவரி 9, ஞாயிறு இரவு.

பட்டாளத்தில் இருக்கும் என் பேரன் அந்தோணி நாளை காஷ்மீர் போகிறான். காலில் பலகை கட்டிப் பனிமலை ஏறி இறங்கும் பயிற்சியாம். எங்கள் காக்ஸ் டவுனில் வேறு யார் பிள்ளை போயிருக்கிறான்!

நான் பொரித்த கல்கல் பலகார டின் அவன் பையில் நுழையவில்லை. நீளமான சிவப்புக் கயிற்றை எடுத்து வெளியே போட்டான்.

"எதுக்குடா அது?"

"இடுப்புல கட்டிப் பின்னால நீளமா விட்டுக்கறது ஆயா. பனி சரிஞ்சு மூடினா, மேல தெரியற கயித்தைப் பிடிச்சுத் தோண்டி எடுப்பாங்க."

"அதையா விட்டுட்டுப் போற?"

"உன் கல்கல் இல்லாமப் போனா, கூட இருக்கறவங்களே என்னைப் புதைச்சிடுவாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாலை ஜெபத்துக்கு அவன் கோயிலுக்குப் போனதும் டின்னை எடுத்துவிட்டுக் கயிற்றை வைத்தேன். அவன் நாளை போடும் சட்டைப் பையில் ஒரு பிடி கல்கல் மட்டும் போட்டேன். ரயிலில் பார்த்துத் திட்டுவான். திட்டட்டும். திட்ட வாய் இருந்தால் போதும்.