புயல் தலையில் போட்ட பழி

ஜனவரி 5, 2012. வியாழன். காடாம்புலியூர்.

நல்ல வெயில். கரண்ட் இல்லை, போன வாரம் புயலடித்த நாளிலிருந்தே இல்லை. முந்திரி முழுக்கப் படுத்துவிட்டது. பலா எல்லாம் வேரோடு. கொல்லைக் கோடிப் பலா மட்டும் பாதி சாய்ந்து நிற்கிறது, ஒரு பக்க வேர் இன்னும் மண்ணுக்குள். கிளையைக் கழித்து, நிமிர்த்தி, மண் அணைத்தால் பிழைக்குமாம். வேர் காய்வதற்குள் செய்ய வேண்டும். ஜேசிபிக்கு ஊரே வரிசை. நாளைக் காலை நம் முறை. டீசல் நாம் கொடுக்க வேண்டும்.

வேலை: கிளை கழிக்க ஆள். சங்கிலி. டீசல் (வீட்டுக்காரர் பொறுப்பு). ஜேசிபி டிரைவருக்கு இட்லி, சட்னியோடு. பொடி வைத்தால் ஆகாதாம். வடக்குத் தெருவில் பொடி வைத்தார்கள் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாராம். மாப்பிள்ளை முறுக்குத் தோற்றது.

ஜனவரி 6. வெள்ளி.

போச்சு. ஜேசிபி வந்தது, வீ.கா. வரவில்லை. (வீட்டுக்காரர் என்று முழுசாக எழுத மரியாதை மிச்சமில்லை.) டீசலுக்கு என்று விடியலில் பண்ருட்டி போனவர். டிரைவர் இட்லியைத் தின்றுவிட்டு எழுந்தார்.

“எக்கா, டீசல் இல்லாம நா வாயால ஊதியா நிமுத்துறது?”

அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

பஸ் ஏறினேன். எங்கே இருப்பார் என்று தெரியாதா? பண்ருட்டி பிரௌசிங் சென்டர். வெளியே ஜெனரேட்டர் இரைச்சல், உள்ளே கோழிக்கூண்டு மாதிரி தடுப்பு தடுப்பாக. கடைசிக் கூண்டில் வீ.கா. காலிடுக்கில் டீசல் கேன், நிறைய. கம்ப்யூட்டரில் விவசாய விளையாட்டு. விதைக்கிறார், அறுக்கிறார்.

“இரு அஞ்சல. இப்ப அறுக்கலன்னா கத்திரிக்கா வாடிப் போயிடும்.”

“யோவ், அந்தக் கத்திரிக்காய எந்தச் சட்டியிலய்யா வதக்குறது?”

கடைக்காரன்கூடச் சிரித்தான். இவர் திரும்பவில்லை. அறுத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

ஜனவரி 8. ஞாயிறு.

பனி. தலைவலி. ஊரில் எல்லோரும் ஒரே பாட்டு. “பாவம்டி, மரம் போன துக்கம். உடு.”

முதுநகரில் ஷேர் ஆட்டோ ஓட்டும் தம்பி செல்வம் அரிசி கொண்டுவந்தான். அவனும் அதே.

“மாமாவ வையாதக்கா. புயலு அவரு மண்டையக் கலக்கிடுச்சி.”

புயலுக்கு முன்னாலேயே இப்படித்தான்டா என்றேன். போன பலாக் காலத்தில் வியாபாரி லாரியோடு வந்து நின்றான், இவர் பண்ருட்டியில் உட்கார்ந்திருந்தார், காய் மரத்திலேயே வெடித்து நாறியது என்றேன். யார் காதில் ஏறுகிறது? புயலுக்கு வாய் இல்லை. எந்தப் பழியைப் போட்டாலும் சுமக்கும்.

வீ.கா. பாயில் படுத்து எல்லாம் கேட்டபடி. நடுநடுவே “மரம்... மரம்...” என்று முனகல் வேறு. செல்வம் கிளம்பியதும் துள்ளி எழுந்தார்.

“மச்சான், பண்ருட்டி வழியாத்தான போற? நானும் வரேன்.”

அப்போதுதான் செல்வத்தின் முகம் மாறியது. “அக்கா, செதம்பரத்துல இதுக்குன்னே ஒரு டாக்டரு இருக்காராம். காட்டிடுவோம்” என்றான்.

ஜனவரி 10. செவ்வாய்.

சிதம்பரம் போய் வந்தோம். டாக்டர் சின்ன வயசு. வீ.கா.வைத்தான் கேட்டார். நிறுத்தணும்னு நெனச்சது உண்டா? பொய் சொல்லிட்டுப் போறது உண்டா? யாராவது தடுத்தா கோவம் வருமா?

“எனக்கு எதுக்கு சார் கோவம் வருது!” மேசையில் ஒரு குத்து. பேனா உருண்டு கீழே விழுந்தது. டாக்டர் குனிந்து எடுத்துக்கொண்டார்.

செல்வம், “புயலுக்கு அப்புறந்தான் சார்...” என்று ஆரம்பித்தான். நான் வாய் திறந்தேன். டாக்டர் இரண்டு பேரையும் கையமர்த்தினார்.

“அவரு சொல்லட்டும். எத்தினி மணி நேரம்னு நா கேக்கல. இதுக்காவ எதையெல்லாம் உட்டீங்க? மொதல்ல உட்டது எது?”

வீ.கா. தரையைப் பார்த்துக்கொண்டு:

“போன வருசத்துக் காயி. பறிக்கல. லாரி வந்து நின்னுட்டுப் போயிடுச்சி.” டாக்டரை நிமிர்ந்து பார்த்தார். “அப்ப புயலும் இல்ல, ஒண்ணும் இல்ல சார்.”

செல்வம் என் முகத்தைப் பார்க்கவில்லை. கோபம் தணியும் என்று நினைத்தேன். ஏறியது. இத்தனை மாதம் ஊர் என்னைத்தானே வாயாடி என்றது!

டாக்டர் சொன்னது: அடுத்த முறை வரும்வரை சென்டர் பக்கமே போகக் கூடாது. தூக்கம், சிடுசிடுப்பு எப்படி என்று அம்மா (நான்தான்) பார்த்துச் சொல்ல வேண்டும். அம்மா பார்ப்பாள். அம்மாவுக்கு வேறு என்ன வேலை.

பஸ்ஸில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். நெய்வேலி தாண்டி வாய் திறந்தார்.

“காலையில ஜேசிபிக்காரங்கிட்ட நானே போயி கால்ல உழுறேன். வேரு காஞ்சிருக்குமா அஞ்சல?”

“காஞ்சிருக்கும்” என்றேன்.

காயவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து ஈரச் சாக்கு போட்டு மூடி, அடிபம்பில் அடித்துக் குடம் குடமாக ஊற்றிக்கொண்டிருக்கிறேன். கொல்லைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சொல்ல மாட்டேன். முதலில் காலில் விழுந்துவிட்டு வரட்டும்.