நீ சொல்லி நிரப்பிய காற்று

கட்டுகஸ்தோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் யுகேஷுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் நானும் தம்பி சுதேஷும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் அந்தக் கடல் நடுவே சுகமாக இருக்கக் கட்டுக்கலைப் பிள்ளையாரை நாளும் கேட்டுக்கொள்கிறேன். சுகம் என்று எழுதியது உடம்பை மட்டும்தான். போனில் பேசலாமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஷப்ராஸின் பெயரை எடுத்தாலே மாலைதீவில் உனக்கு சிக்னல் போய்விடுகிறது, கடிதம் அப்படிப் பாதியில் நிற்காது. உன்னோடு வேலை செய்கிற முஹைதீன் லீவு முடிந்து அடுத்த கிழமை மாலேக்குத் திரும்புகிறார், ஒட்சிசன் மீட்டரை அவர் கையில் கொடுத்துவிடு என்று தம்பிக்கு மெசேஜ் போட்டிருந்தாய். மீட்டர் வராது. பொலிஸ் அந்தப் பின்னறையைப் பூட்டி முத்திரை வைத்திருக்கிறது, கம்ப்ரசரும் சிலிண்டர்களும் மீட்டரும் அதற்குள்தான் கிடக்கின்றன. அறை திறந்து கிடந்தாலும் நான் கொடுத்திருக்க மாட்டேன்.

அந்த அறையை நீ எப்படி ஆக்கினாய் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். அப்பாவின் ஹார்ட்வெயார் கடைச் சாமான்கள் கிடந்த இடம். எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டு, சுவரைக் கழுவி வெள்ளையடித்து, கம்ப்ரசரை வைக்க சீமெந்தில் மேடை கட்டி, அது காற்று இழுக்கும் குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோய் ரோட்டு வாகனப் புகை படாத பக்கமாகத் திருப்பினாய். தண்ணிக்குள்ள போறவன் இழுக்கிற மூச்சு அம்மா, இதுல அழுக்கு இருக்கக் கூடாது என்றாய். ஒட்சிசன் சிலிண்டரைச் சங்கிலி போட்டுச் சுவரோடு கட்டினாய். நான் சமையல் கையோடு வாசலில் வந்து நின்றால், எண்ணெய்க் கையோட உள்ள வராதீங்க, ஒட்சிசனும் எண்ணெயும் சேர்ந்தா பத்திக்கும் என்று விரட்டுவாய், நானும் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உனக்குத் தேநீர் கொண்டு வருவேன். முதலில் ஒட்சிசனை மெல்ல விடணும், அதுக்கு மேல காற்றை ஏத்தணும், ஆறவிட்டு மீட்டரில் பார்த்து அளவைச் சிலிண்டரில் ஒட்டின பிறகுதான் குடுக்கணும் என்று தம்பிக்கு நீ பாடம் சொன்னதெல்லாம் குசினி ஜன்னலால் எனக்குக் கேட்கும். இனிக் கடலுக்குப் போக மாட்டேன், விக்டோரியா நீர்த்தேக்கத்திலும் திருகோணமலையிலும் சுழியோடுகிறவர்களுக்குக் கண்டியிலிருந்தே ஒட்சிசன் கூட்டிய கலவைக் காற்றுக் கொடுத்துப் பிழைத்துக்கொள்வேன் என்றாய். அதை நம்பித்தான் தம்பி மாநகர சபை வேலையை விட்டான். பிறகு ஒரு சீசனுக்கு மட்டும் போய் வருகிறேன் என்று போனவன்தான் நீ. போகும்போது புகை வாயுவைக் காட்டுகிற சின்ன மீட்டரையும் பையில் போட்டுக்கொண்டாய், தம்பிக்கு வேறொன்று அனுப்புகிறேன் என்றாய். அவன் கேட்டுக் கேட்டு ஓய்ந்து போனான், அது வரவே இல்லை.

நீ போன பிறகு பின் காணியில் பேக்கரி வந்தது உனக்குத் தெரியும், தம்பி படம் எடுத்து அனுப்பினான். விறகு போட்டு எரிக்கிற போறணை, அதன் புகைபோக்கி சரியாக நம் குழாயின் வாய்க்கு நேரே நிற்கிறது. குழாயின் வலையில் கரி படிந்திருப்பதைத் தம்பிதான் முதலில் கண்டான். அன்றைக்கு அவன் உனக்கு போன் எடுத்தபோது நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன், தன் கையில் வேலை இருந்ததால் அவன் போனைச் சத்தமாகப் போட்டு ஜன்னல் கட்டையில் வைத்திருந்தான். அண்ணா, பேக்கரிப் புகையை இழுக்குது, பில்டரும் பழசு, குழாயை மற்றப் பக்கம் திருப்பும் வரைக்கும் மூடி வைக்கிறேன் என்றான். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ எனக்கு இருக்கிறது. பில்டர் எல்லாத்தையும் இழுத்துக்கும்டா, சனிக்கிழமை வாறவங்களைத் திருப்பி அனுப்பினா பிறகு நம்ம பக்கமே வர மாட்டாங்க, நிரப்பிக் குடு என்றாய். அவன் மறுபடியும் கேட்டான். எனக்குச் சொல்லித் தாறியா என்று சிரித்தாய். அவன் உள்ளே போய் மெசினைப் போட்டான். மற்ற மீட்டர் ஒட்சிசன் அளவு சரி என்றுதான் காட்டியது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்தச் சிலிண்டரை எடுத்துக்கொண்டுதான் நம்மிடம் காற்று வாங்கும் சுழியோடி ஷப்ராஸ் தெல்தெனியப் பக்கம் போனான். மீன் பிடிக்கிற ஒருவருடைய படகு எஞ்சின் நீர்த்தேக்கத்தில் விழுந்துவிட்டதாம், அதைத் தேடிக் கயிறு கட்ட இறங்கினான். மேலே வந்தவன் வாயில் இருந்ததைத் துப்பிவிட்டுப் படகில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தானாம், அப்படியே தலை தொங்கிப் போனானாம். உடம்பில் மாட்டியிருந்த காற்றுச் சட்டை மிதக்க வைத்ததால் உயிர் தப்பினான். இரத்தத்தில் புகை வாயு ஏறியிருக்கிறது, இதே காற்றைக் கரையில் இழுத்திருந்தால் தலைவலியோடு போயிருக்கும், ஆழத்தில் அது பல மடங்காகும் என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னார். பொலிஸ் வந்தபோது தம்பி வாசலிலேயே நின்று, நான்தான் நிரப்பினேன், வேற யாருக்கும் இதுல சம்பந்தம் இல்லை என்று சொன்னான். என் பெயரைச் சொல்லாதே, என் லைசன்ஸ் போய்விடும் என்று நீ அவனிடம் கேட்டுக்கொண்டது எனக்குப் பிறகுதான் தெரியும். அடுத்த நாள் நான் உன்னிடம் கேட்டேன். தம்பி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நிப்பாட்டச் சொல்லியிருப்பேனே அம்மா என்றாய். தேங்காய்த் துருவலோடு நின்று உன் சொல்லைக் கேட்டவளிடமே அப்படிச் சொன்னாய். நான் போனை வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தவள் நெடுநேரம் எழும்பவில்லை.

அப்பாவிடம் பிறகு சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ஒருத்தன் மாட்டிக்கிட்டான், மற்றவனாவது பிழைக்கட்டும், ரெண்டு பேரையும் ஏன் கெடுக்கிற என்கிறார். கணக்குப் பார்த்தால் அவர் சொல்வது சரி போலத்தான் இருக்கும். ஆனால் தம்பிக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் இப்போது போனை எடுப்பதில்லை, பழைய வேலைக்கும் போக முடியாது, வழக்கு முடியும் வரை வெளிநாடும் இல்லை. காலையில் எழும்பி அந்தப் பூட்டுக்கு முன்னால் போய் நிற்கிறான், பிறகு அப்பாவோடு கடைக்குப் போகிறான். உன்னைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை அவன் வாயில் வந்ததில்லை. அண்ணாவுக்குத் தெரியாததா என்றுதான் நினைச்சேன் அம்மா, அவ்வளவுதான் என்கிறான்.

போன வெள்ளிக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு அலவத்துகொடைக்குப் போனேன். அப்பா வரவில்லை. ஷப்ராஸின் மனைவி நஸ்லியா கதவைத் திறந்தாள், எங்களைக் கண்டதும் முகம் மாறியது, ஆனாலும் உள்ளே வரச் சொன்னாள். ஷப்ராஸ் கட்டிலில் சாய்ந்திருந்தான். தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தும் அது ஆடுகிறது, சட்டைப் பொத்தானை அவள்தான் போட்டுவிடுகிறாள். தம்பியை அடையாளம் தெரிந்து சிரித்தான். யுகேஷ் அண்ணன் எப்ப வாறாரு என்று கேட்டான். நீதானே அவனுக்குச் சுழியோடப் பழக்கினாய். தெரியல்ல ஷப்ராஸ் என்றான் தம்பி. கொஞ்ச நேரம் கழித்து அதையே புதிதாகக் கேட்பது போல மறுபடியும் கேட்டான். நாங்கள் இருந்த நேரம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தான், தம்பியும் ஒவ்வொரு முறையும் பொறுமையாகப் பதில் சொன்னான். அவனுடைய உம்மா, உம்மு குல்சும், குசினிப் பக்கம் என்னைக் கூட்டிப் போய், மகன் இப்பிடித்தான் ஈக்கிறான், எல்லாம் மறக்கிறான், ஒங்கட மகன மட்டும் மறக்கல்ல என்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னேன், நிரப்பச் சொன்னது பெரியவன் என்று சொன்னேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இத நீங்க கோர்ட்டிலயும் சொல்லுவீங்களா என்று மட்டும் கேட்டார். சொல்வேன் என்றேன். நான் சொன்னதை அறிந்த தம்பி வரும் வழியில் பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தான், வீட்டில் அப்பா இன்றுவரைக்கும் என்னோடு பேசவில்லை.

தைப்பொங்கல் கழிந்த கிழமை தெல்தெனிய நீதிமன்றத்தில் வழக்குக்குத் தவணை. அதற்கு முன் நீ வந்து உன் வாயால் சொன்னால் நான் வாய் திறக்க வேண்டியதில்லை. வராவிட்டால் நான் கூண்டில் ஏறிச் சொல்வேன். பெற்றவளே பிள்ளையைக் காட்டிக்கொடுத்தாள் என்று ஆட்கள் பேசுவார்கள், பேசட்டும். பேசாமல் இருந்தாலும் நான் ஒரு பிள்ளையைக் காட்டிக்கொடுத்தவள்தானே. உனக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது என்றுதான் இன்றைக்கும் சாமிக்கு விளக்கு வைத்தேன், அதில் பொய் இல்லை. தண்ணீரிலிருந்து வந்தால் தலையை நன்றாகத் துவட்டு, உனக்குச் சின்னதிலிருந்தே காது குத்தும். பசியோடு இறங்காதே. ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளையும் உள்ளதைச் சொல்லும் தைரியத்தையும் தரட்டும். தவணைத் தேதியை முஹைதீனிடம் வாயாலும் சொல்லி அனுப்புகிறேன், தெரியாது என்று நீ சொல்லக் கூடாது.

இப்படிக்கு,
உன்னையும் சுதேஷையும் ஒரே வயிற்றில் சுமந்த அம்மா,
கஜலட்சுமி தனபாலன்.